மணலில் எப்படி மழைக்காடு? கர்ரி தீவின் மரங்கள்

[காட்சி: மேலிருந்து கிழக்குக் கடற்கரை]

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையோரம் சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது கர்ரி, உலகின் மிகப் பெரிய மணல் தீவு. ஃபிரேசர் தீவு என்ற பழைய பெயர் 2023-இல் போய், தீவின் பூர்வகுடிகளான புச்சுலா மக்கள் வைத்த பெயரே மீண்டும் வந்துவிட்டது.

இங்குள்ள மணலில் சத்து பேருக்குத்தான். மழைநீரும் தங்காது. கரையில் முதலில் காலூன்றுவது ஸ்பினிஃபெக்ஸ் புல்லும், சங்கப் பாடல்களில் அடும்பு என்று வரும் அதே கொடியும். மணல் மூடினால் கணுவில் வேர்விட்டு மேலே வந்துவிடும். வண்டிச் சக்கரம் ஏறினால்தான் ஆபத்து: கொடி அறுந்த இடத்தில் காற்று மணலைத் தோண்டிக்கொண்டே போகும். அதற்குப் பின்னால் தாழையும் சவுக்கும். சவுக்கின் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தரும்.

[அண்மைக்காட்சி: பாங்க்சியா வேர்]

இது பாங்க்சியா, ஆஸ்திரேலியப் பூமரம். பல் துலக்கும் பிரஷ் போல அடர்ந்திருக்கும் இதன் சல்லிவேர்களைப் பாருங்கள். இவை அமிலம் சுரந்து, மணலில் ஒட்டியிருக்கும் துளி பாஸ்பரஸையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். பாங்க்சியா வளர்ப்பவர்கள் செய்யும் தவறும் இதில்தான்: பாஸ்பரஸ் உரம் போட்டால் செடி அதைத் தடுக்கத் தெரியாமல் உறிஞ்சி, இலை மஞ்சளித்துச் செத்துவிடும்.

[காட்சி: பைல் பள்ளத்தாக்கு]

தீவின் நடுவில் உப்புக்காற்று எட்டாது. உதிர்ந்த இலைகளின் சத்தை வேரோடு கூடிவாழும் பூஞ்சைகள் மண்ணுக்குள் இறங்கவிடாமல் மரத்துக்கே திருப்பித் தருகின்றன. அதனால்தான் இங்கே மழைக்காடு. இரண்டு ராட்சத மரங்களைப் பிரித்தறிவது எளிது. அடி முதல் நுனி வரை நாராகப் பிளந்த பட்டை என்றால் சாட்டினே. அடியில் சொரசொரப்பு, மேலே வழவழவென இளஞ்சிவப்பு என்றால் பிரஷ் பாக்ஸ். சாட்டினே கட்டை சூயஸ் கால்வாய் வரை போனது. மரவெட்டு 1991-இல்தான் நின்றது.

மேற்கே போகப் போக மணல்மேடுகளுக்கு வயது கூடும். காடும் கூடும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. பல்லாயிரம் ஆண்டு மழை சத்தையெல்லாம் வேர் எட்டாத ஆழத்துக்குக் கழுவிக் கொண்டுபோய்விட, மிஞ்சுவது ஆளுயரப் புதர்தான்.

[காட்சி: கருகிய அடிமரங்கள்]

2020-இல் அணைக்காமல் விட்ட ஒரு முகாம் நெருப்பு தீவின் பாதியளவை எரித்தது. யூகலிப்டஸ்கள் மறுபடி துளிர்க்கும், மழைக்காட்டு மரங்களுக்கு அது எளிதல்ல. தணலை மணல் போட்டு மூடாதீர்கள், உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது.