திண்ணையோடு நிற்கட்டும் கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியின் வைசியாள் வீதியில் நடந்தவர்களுக்கு அங்குள்ள பழைய தமிழ் வீடுகளின் அமைப்பு நினைவிருக்கும். தெருவை ஒட்டி மரத்தூண்களுடன் தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, பிறகு தலைவாசல், நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், அதற்கும் உள்ளே அறைகள் என்று அந்த வீடுகள் படிப்படியாக உள்வாங்கிக்கொண்டே போகும். அந்த வீதியின் பழைய தோற்றத்தை மீட்ட பணிக்கு 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. மழைக்கு ஒதுங்குகிறவருக்குத் தாழ்வாரம், வழிப்போக்கருக்குத் திண்ணை, தெரிந்தவர் நடை தாண்டலாம், உறவினர் கூடத்தில் அமரலாம். வெளியாளின் பார்வை எதுவரை வரலாம், வந்தவர்மேல் வீட்டாரின் பார்வை எதுவரை படலாம் என்பதை அந்தச் சுவர்களே தீர்த்துவைத்திருந்தன. இன்றைக்கு நாம் கூடத்து மூலையில் ஒரு கேமராவைப் பொருத்தி, அந்த ஒழுங்கை ஒரே நாளில் கலைத்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வீட்டில் கேமரா வைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கறிஞராக இருக்கும் எனக்கு, வாசல் கேமராவின் பதிவு ஒரு வழக்கில் எவ்வளவு உதவும் என்பது தெரியும். பிள்ளைகள் பிரான்சில் குடியேறி, வயதான தாயும் தந்தையும் மட்டும் இங்கே தனியாக இருக்கிற வீடுகள் நம் ஊரில் பல உண்டு. அம்மா கீழே விழுந்துவிட்டாரா, மருந்து சாப்பிட்டாரா என்று பாரிஸிலிருந்து மகள் கைபேசியைத் திறந்து பார்ப்பதில் இருக்கிற தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாயைப் பார்க்க வந்து அதே கூடத்தில் உட்கார்ந்து, மருமகளோடு ஏற்பட்ட மனத்தாங்கலைச் சொல்லி அழுகிற பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, தன்னை ஒருவர் கடல் கடந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரியாது. இப்போது விற்கிற வீட்டுக் கேமராக்கள் பலவற்றில் ஒலிவாங்கியும் சேர்ந்தே வருகிறது என்பதை வாங்கியவர்களே பல நேரம் கவனிப்பதில்லை. பார்க்கிற கண்ணுக்குக் கேட்கிற காதும் இருக்கிறது.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே சொல்கிறேன். உறவுமுறையை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் காதுகுத்து விசேஷம். முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் உறவினர்கள் வந்திருந்தார்கள். மாலையில் கூட்டம் கலைந்த பிறகு, என் மாமியார் கழற்றிவைத்த மூன்று பவுன் சங்கிலியைக் காணவில்லை என்று தெரிந்தது. தம் அறையில் தலையணைக்கு அடியில் வைத்ததாக அவருக்கு நினைவு. கூடத்தில் ஒரு கேமரா இருந்தது. அது அந்த அறையின் கதவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு ஆண்கள் நான்கைந்து பேர் டிவி முன்னால் உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். நானும் பின்னால் நின்று பார்த்தேன்.

அன்று பகலில் அந்த அறைக்குள் ஏழு பேர் போய்வந்திருந்தார்கள். ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களின் விரல் ஒரே ஒருவரிடம்தான் நின்றது. கடலூரிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர், தோளில் ஒரு கைப்பையுடன் உள்ளே போகிறார், கதவைத் தாழிடுகிறார், ஆறு நிமிடம் கழித்து வெளியே வருகிறார். வரும்போது முந்தானையை இழுத்து மார்பை மூடி, ஒருமுறை குனிந்து பார்த்துச் சரிசெய்துகொள்கிறார். அவ்வளவுதான் படம். அந்த முந்தானைக்குள் சங்கிலி இருந்தது என்பதைச் சேர்த்தவர்கள் நாங்கள். மற்ற ஆறு பேரும் கையை வீசிக்கொண்டு போய்வந்தவர்கள், வசதியானவர்கள். இந்த அக்கா மட்டும் அன்று கவரிங் நகை போட்டிருந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கூசுகிறது. கேமரா எல்லாரையும் ஒரே மாதிரிதான் பதிவு செய்திருந்தது. யாரைச் சந்தேகிப்பது என்பதை எங்கள் மனம் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்தது.

"ரூமுக்குள்ளயும் ஒண்ணு வெச்சிருந்தா இப்போ தெரிஞ்சிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் நாற்பது விநாடித் துண்டை வெட்டிக் கைபேசியில் ஏற்றி, இரண்டு மூன்று உறவினர்களுக்கு அனுப்பினார். நான் வழக்கறிஞர். இரண்டையும் அந்த நிமிடமே தடுத்திருக்க வேண்டியவள். தடுக்கவில்லை. நானும் படத்தை நம்பினேன்.

பதினொன்றாம் நாள், அரிசி டிரம்மின் அடிப்பகுதியை வழித்தெடுக்கும்போது படியில் ஏதோ தட்டியது. மஞ்சள் துணியில் முடிந்த சங்கிலி. கூட்டத்தைக் கண்டு பயந்து, பழைய வழக்கப்படி அரிசிக்குள் புதைத்ததை மாமியார் அடியோடு மறந்துபோயிருந்தார்.

அதற்குள் அந்தத் துண்டுப் படம் சுற்றிவந்து அக்காவின் கைக்கே போய்விட்டிருந்தது. நான் கடலூருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கத்தை அறுவை செய்து எடுத்துவிட்டதைச் சொன்னார். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டு வியர்வையில் நழுவியிருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் அறைக்குள் போயிருக்கிறார். சொந்தத் தங்கைக்குக்கூட அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. தான் திருடவில்லை என்று காட்டுவதற்கு, உடம்பில் அவர் மறைத்துவைத்திருந்த துயரத்தை எடுத்து வைக்க வேண்டிய நிலைக்கு நாங்கள் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

எடுத்தவனுக்கு ஒரு பாவம், பறிகொடுத்தவனுக்குப் பல பாவம் என்று எங்கள் பாட்டி சொல்வார். திருடியவன் செய்தது ஒரு குற்றம். பொருளை இழந்தவனோ பார்க்கிறவர்களையெல்லாம் சந்தேகித்து ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றம் செய்கிறான் என்பது அதன் பொருள். எங்கள் வீட்டில் எடுத்தவரே இல்லை. பல பாவம் மட்டும் மிஞ்சியது.

கேமராப் பதிவைப் பார்த்து முடிவுக்கு வருகிறவர்கள் அது எப்படிப் பதிவாகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். பதிவைச் சேமிக்கும் வட்டில் (ஹார்ட் டிஸ்க்) இடம் மிச்சப்படுத்துவதற்காக, அசைவு இருக்கும்போது மட்டும் பதியுமாறு பல கருவிகள் அமைக்கப்பட்டிருக்கும். மெல்லிய அசைவை அது தவறவிடலாம், ஒருவர் வந்ததன் முதல் சில விநாடிகள் பதியாமலே போகலாம். ஆகவே பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது. இணையத்தோடு இணைக்காத பதிவுக் கருவியின் கடிகாரம் மெல்ல விலகிக்கொண்டே போகும். இரண்டு வேறு கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, யார் முதலில் போனார், யார் பின்னால் போனார் என்று சொல்வது அப்போது தவறாகிவிடும். வெளிச்சம் குறைந்தால் கேமரா அகச்சிவப்பு ஒளிக்கு மாறிக் கறுப்பு வெள்ளையில் பதியும். அந்த ஒளியில் சில கருநிறத் துணிகள் வெளிறித் தெரியும். "வெள்ளைச் சட்டை போட்டவன்தான்" என்று அந்தப் படத்தை வைத்துச் சாதிப்பவர், கறுப்புச் சட்டைக்காரரைத் தப்பவிட்டு வேறொருவரைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இனி, சட்டம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்காக அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு விலக்களிக்கிறது. அதனால் நம் வீட்டுக் கூடம் அதன் வரம்புக்குள் பெரும்பாலும் வராது. அதற்காக வீட்டுக்காரர் விருப்பம்போல் நடந்துகொள்ளலாம் என்று பொருள் இல்லை. ஒரே வீட்டில் பங்கு உள்ளவர்களில் ஒருவர், மற்றவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அறைக்குள் ஒன்று வைத்திருக்கலாமே என்று அன்று எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னாரே, அப்படி வைத்து ஒரு பெண் உடை மாற்றுவதைப் பதிவு செய்திருந்தால், அது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றமாகியிருக்கும். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனை உண்டு. சங்கிலியைத் தேடிப் போய் நாங்களே குற்றவாளிகளாகியிருப்போம்.

நம் ஊரில் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறவர்களும் நிறையப் பேர். அவர்கள் செய்வது வணிகம் என்பதால், வீட்டுத் தேவை என்ற விலக்கு அவர்களுக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வீடுகளை விருந்தினருக்கு இணையம் வழியாக வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுவதும் வாடகை வீடுகளின் உட்புறத்தில் கேமரா வைப்பதையே தடை செய்துவிட்டது. அறிவித்துவிட்டு வைத்தாலும் கூடாது. வெளியே வைக்கும் கேமராவை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சரி, வீட்டில் உண்மையிலேயே பொருள் காணாமல் போய்விட்டது, என்ன செய்வது? முதலில், பொருளை வைத்தவரைத் தனியாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அன்று காலையிலிருந்து என்ன செய்தார் என்று பொறுமையாகக் கேளுங்கள். நாங்கள் இதைச் செய்யவே இல்லை. என் மாமியார் அன்று மூன்று முறை அடுக்களைக்குப் போனது அதே பதிவில் இருந்தது. அதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. இரண்டு நாள் வீட்டைப் புரட்டித் தேடுங்கள். அதே நேரத்தில் பதிவைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நான்கு கேமராக்கள் உள்ள வீட்டில் ஒரு டெராபைட் வட்டு பொதுவாகப் பத்து முதல் இருபது நாட்களில் நிரம்பி, பழையதன்மேல் புதியது பதியத் தொடங்கிவிடும். எடுக்கும்போது துண்டாக வெட்டாமல் அந்த நாள் முழுவதையும் எடுத்துவையுங்கள். வழக்கென்று வந்தால், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி அந்தப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும். ஆகவே பதிவுக் கருவியில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு ஒருவர்மேல் குற்றம் சாட்டுவது அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்களிக்கிறது. அதே குற்றச்சாட்டைக் குடும்ப வாட்ஸப் குழுவில் படத்துடன் போட்டால் அந்த விலக்கு கிடைக்காது. நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை தண்டனைக்குரிய அவதூறாக அது முடியலாம். விருந்தாளியின் பையைப் பிடுங்கிச் சோதிக்கவும், கதவைச் சாத்திவைத்து விசாரிக்கவும் வீட்டுக்காரருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கைது செய்யப்பட்ட பெண்ணைக்கூட ஒரு பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று காவல் துறையையே சட்டம் கட்டுப்படுத்துகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதே மரியாதை உண்டு. பல வீடுகளில் பொருள் காணோம் என்றதும் கேள்வியே இல்லாமல் அவர்கள் பையைத்தான் முதலில் கொட்டச் சொல்கிறார்கள். அது அநியாயம்.

கேமராவுக்குரிய இடம் வாசல். தெருவாசல், பின்கட்டுக் கதவு, வண்டி நிறுத்துமிடம், இவை போதும். அதுவும் எதிர்வீட்டுச் சன்னலைப் பார்க்காதபடி திருப்பிவைக்க வேண்டும். முதியவர்களுக்காகக் கூடத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால், யாராவது வந்ததும், "இங்கே கேமரா இருக்கு, தம்பி அங்கேயிருந்து பார்ப்பான்" என்று சொல்லிவிடுங்கள். அல்லது அவர்கள் இருக்கும்வரை மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு, பெண்களின் மருத்துவப் பரிசோதனைக் காட்சிகள் இணையத்தில் விலைக்குப் போயின. அந்தப் பெண்கள் யாரும் அங்கே படம் எடுத்துக்கொள்ளப் போகவில்லை.

எங்கள் கூடத்துக் கேமராவை மறுவாரமே கழற்றிவிட்டோம். நாற்பது விநாடித் துண்டு போய்ச் சேர்ந்த ஒவ்வொருவரையும் நானே நேரில் பார்த்து, என் கண்முன்னால் அழிக்கச் சொன்னேன். மொத்தம் ஒன்பது கைபேசிகள். ஒருவர் அதற்குள் கைபேசியை மாற்றியிருந்தார். பழையதை யாருக்கு விற்றார் என்பது அவருக்கே நினைவில்லை. போன மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்க்க வந்த அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். கிளம்பும்போது, "அந்தப் படம் முழுசா போயிடுச்சாம்மா?" என்று கேட்டார். எட்டு கைபேசியில் போயிருக்கிறது அக்கா, ஒன்பதாவது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நன்றி, வணக்கம்.