பைல்மர்மேர்: தரைத்தளத்தில் தவறிய புறநகர்

அவையோர்க்கு வணக்கம்.

ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கே, ஏரியை வற்றவைத்து எடுத்த தாழ்நிலத்தில் இருக்கிறது பைல்மர்மேர். 1966 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. 1968 நவம்பரில் முதல் குடித்தனம் வந்தது. தேனடை போல அறுகோணமாக வளைந்து செல்லும் நீண்ட அடுக்ககங்கள், நடுவே பூங்காக்கள். கார்களுக்கு மூன்று மீட்டர் உயரத்தில் தனிச் சாலை. நடப்பவரும் சைக்கிள்காரரும் கீழே, மரங்களுக்கிடையே. வீடுகளோ நல்ல விசாலம், நல்ல வெளிச்சம்.

அப்படியிருந்தும் ஏன் சறுக்கியது? கான்கிரீட் மேல் பழி போடுவது சுலபம். நான் தரைத்தளத்தைத்தான் சொல்வேன். பத்து வீட்டு மாடிகளுக்கும் அடியில் இருந்த அந்தத் தளத்தில் சாமான் அறைகள் வரிசையாக நின்றன. வீடும் கிடையாது, சன்னலும் கிடையாது. இருட்டியபின் காரை நிறுத்திவிட்டு லிப்ட் வரை நெடுந்தூரம் நடப்பவரை எட்டிப்பார்க்க அங்கே ஆளில்லை. மேலே காரில் போகிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. பூங்கா எல்லாருக்கும் பொது. ஆனால் யார் வீட்டு வாசலும் அதை நோக்கித் திறக்கவில்லை.

மெட்ரோவும் 1977இல்தான் வந்தது. வாடகை அதிகம், வேறு புறநகர்களிலோ தோட்டத்தோடு வரிசை வீடுகள் கிடைத்தன. எதிர்பார்த்த நடுத்தரக் குடும்பங்கள் அங்கே போய்விட்டன. நெதர்லாந்தின் காலனியாக இருந்த சுரினாம் 1975இல் விடுதலை பெற்றதையொட்டி அங்கிருந்து வந்தவர்கள், நகருக்குள் வீடு கிடைக்காமல் இங்கே குடியேறினார்கள். அவர்களால்தான் பகுதி கெட்டது என்பவர்கள் வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள்: வீடுகள் காலியாகக் கிடந்ததால்தான் அவர்களுக்குக் கிடைத்தன. 1980களின் நடுவில் ஏறக்குறைய நாலில் ஒரு வீடு காலி. காலி வீட்டுக்கு வாடகை வராது. வாடகை வராவிட்டால் லிப்ட் பழுதுபார்க்கவும் விளக்கு மாற்றவும் பணமிருக்காது. அதைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்புவார்கள்.

1992 அக்டோபர் 4 அன்று சரக்கு விமானம் ஒன்று இரண்டு அடுக்ககங்கள் மீது விழுந்து 43 பேர் இறந்தனர். சீரமைப்புப் பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். பிறகு உயர அடுக்ககங்களில் ஏறத்தாழப் பாதி இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் தோட்டம் வைத்த தாழ்ந்த வீடுகள் எழுந்தன. உயர்த்திய சாலைகள் பலவும் தரைக்கு இறங்கின.

பழைய வடிவிலேயே கடைசியாக எஞ்சியது கிளெய்பர்க் என்ற அடுக்ககம்: 400 மீட்டர் நீளம், 500 வீடுகள். செப்பனிடக் கட்டுப்படியாகாது, இடிப்போம் என்றது அதன் உரிமையாளரான வீட்டுவசதிக் கழகம். ஒரு கூட்டமைப்பு அதை ஒரு யூரோவுக்கு வாங்கியது. பொதுப்பகுதிகளை மட்டும் சீர்செய்து, வீடுகளை அடுக்களை, குளியலறை, வெப்பமூட்டி எதுவுமின்றி வெறும் கூடாக மலிவு விலைக்கு விற்றது. மிச்ச வேலையை வாங்கியவர் தம் கைக்கேற்பச் செய்துகொண்டார். இரண்டு வீட்டை வாங்கி ஒன்றாக்கவும் வழி இருந்தது. பின்னாளில் வெளியே ஒட்டவைத்த லிப்ட் கோபுரங்களை அகற்றி, லிப்டுகளைப் பழைய மையத்துக்குள்ளேயே வைத்தார்கள். சாமான் அறைகளை மேல்மாடிகளில் லிப்ட் அருகே ஏற்றினார்கள். காலியான தரைத்தளத்தில் வீடுகளும் வேலைக்கூடங்களும் வந்தன. கட்டடத்தின் ஊடே செல்லும் நடைவழிகளை இரண்டு தள உயரத்துக்குத் திறந்தார்கள். 2017இல் சமகாலக் கட்டடக்கலைக்கான ஐரோப்பிய ஒன்றியப் பரிசு இதற்குக் கிடைத்தது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டை விலைக்கு வாங்கி, அதன்மேல் அடுக்களைக்கும் குளியலறைக்கும் செலவழிக்கக்கூடியவருக்கே இது பொருந்தும். வாடகைக்கு மட்டுமே வழியுள்ளவருக்குக் கழகம்தான் வீட்டை முடித்துத் தந்தாகவேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் கிளெய்பர்க்கை இடிக்கப் பார்த்தார்கள்.