முதல் வருட கம்ப்யூட்டர் பாடம்: மனப்பாடம் வேண்டாம், நோட்பேடைத் திறவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருப்பவர்களுக்கான வீடியோ இது. நீங்கள் வணிகவியல் படித்தாலும் சரி, இயற்பியல் படித்தாலும் சரி, முதல் வருடத்தில் ஒரு கம்ப்யூட்டர் பாடம் வந்து நிற்கும். கணினி அறிமுகம், தகவல் தொழில்நுட்ப அடிப்படைகள் என்று பெயர் மட்டும் மாறும். நான் அந்தப் பாடத்தை நடத்துகிறவன். வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சிபியு என்றால் என்ன, ரேம் என்றால் என்ன என்று கேட்டால் விரிவாக்கத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஒரு பைட் என்றால் எவ்வளவு என்று கேட்டால் 8 பிட் என்று உடனே பதில் வருகிறது (பிட் என்பது ஒரு 0 அல்லது 1). சரி, அந்த ஒரு பைட்டுக்குள் உங்கள் பெயரின் முதல் எழுத்து அடங்குமா என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. கண்ணெதிரே கணினி இருக்கிறது. செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் செய்து பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் இதை எழுதித் தேர்வாகும் பாடமாகவே எல்லோரும் பழகிவிட்டோம்.

இந்தப் பாடத்தின் எல்லா யூனிட்டுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது. கணினிக்குள் எல்லாமே எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒதுக்கிய இடம் அளவானது. எழுத்து, படம், பாட்டு, நிரல், இணைய முகவரி எல்லாம் அப்படித்தான். இதைக் கையால் செய்து பார்த்துப் புரிந்துகொண்டால் பாதிப் பாடத்தை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. வாருங்கள், செய்வோம்.

திரையைப் பாருங்கள். விண்டோஸில் நோட்பேட் திறந்திருக்கிறேன். ஆங்கில எழுத்து 'ஏ' ஒன்றை மட்டும் தட்டிச் சேமிக்கிறேன். இப்போது அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்க்கிறேன். அளவு 1 பைட். அடுத்து புதிதாக ஒரு கோப்பு, அதில் தமிழ் 'அ' ஒன்று மட்டும். சேமித்தாயிற்று. இதன் அளவு என்ன? 3 பைட். ஒரே ஒரு எழுத்துதான், மூன்று மடங்கு இடம்.

இது ஏன் என்று யோசியுங்கள். பெரிய எழுத்து 'ஏ'வுக்கு ஆஸ்கி முறையில் 65 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 1963இல் வந்த தரம் அது, 7 பிட், மொத்தமே 128 குறியீடுகள். அதற்குள் ஆங்கிலம் அடங்கிவிட்டது, தமிழுக்கு இடமில்லை. 1991இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின் முதல் பதிப்பு வந்தபோது தமிழுக்கு 2944 முதல் 3071 வரை ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. நம் 'அ'வின் எண் 2949. இவ்வளவு பெரிய எண் ஒரு பைட்டில் அடங்காது, ஒரு பைட்டில் அதிகபட்சம் 255 வரைதான் எழுத முடியும். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுத 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் 127 வரையுள்ள எண்களுக்கு 1 பைட், 2047 வரை 2 பைட், அதற்கு மேல் 65,535 வரை 3 பைட். 'அ' மூன்றாவது கூட்டத்தில் விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது 'தமிழ்' என்று எழுதிச் சேமிக்கிறேன். கண்ணுக்கு மூன்று எழுத்து, அப்படியானால் 9 பைட் வரவேண்டும், இல்லையா? பாருங்கள், 15 காட்டுகிறது. 'மி' என்பதைக் கணினி 'ம' தனியாகவும் இகரக் குறி தனியாகவும் வைத்திருக்கிறது. 'ழ்' என்பதில் 'ழ' தனி, புள்ளி தனி. ஆக 5 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டும்போது சில செயலிகளில் முழு எழுத்தும் போகாமல் புள்ளி மட்டும் அழிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு உங்கள் பெயருக்கு எத்தனை பைட் என்று முதலில் கையால் கணக்குப் போடுங்கள், அப்புறம் சேமித்துச் சரிபாருங்கள். 'க்ஷ', 'ஸ்ரீ' இருக்கிற பெயர்காரர்களுக்குக் கூடுதல் சுவாரசியம் காத்திருக்கிறது.

பக்கத்தில் 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு வரி இருக்கும். இந்த மாதிரிச் சின்னக் கோப்புகளுக்கு அங்கே 0 என்று காட்டினால் பயப்படாதீர்கள். வட்டில் கோப்புகளை அடுக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் மிகச் சிறிய கோப்புகளை அட்டவணைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள், தனி இடம் ஒதுக்குவதில்லை. கொஞ்சம் பெரியதானால் பெரும்பாலும் 4 கேபி, 4 கேபியாகத்தான் இடம் போகும்.

அதே 'அ'வை வேர்டில் தட்டிச் சேமித்தால் பத்து கேபிக்கு மேல் வரும். ஒரு எழுத்துக்கு இவ்வளவா என்று தோன்றுகிறதா? அந்த டாக்எக்ஸ் கோப்பை ஒரு பிரதி எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள், எக்ஸ்எம்எல் கோப்புகள். எழுத்துரு என்ன, பக்க ஓரம் எவ்வளவு, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று எல்லாம் அங்கே இருக்கும். ஒரு ஆவணத்தை வெளியே அனுப்பும்போது உங்கள் பெயரும் சேர்ந்து போகிறது என்பதை இப்படித் திறந்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

சரி, வரலாறு யூனிட். வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ஐசி, மைக்ரோபிராசசர் என்று நான்கு தலைமுறைகள், அவற்றின் ஆண்டுகள். தேர்வுக்கு வேண்டும், படித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமான இடம் ஒன்று நடுவில் இருக்கிறது, பல புத்தகங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. 1946இல் உலகுக்குக் காட்டிய எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒரு கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாறவேண்டுமானால் கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். ஜீன் பார்டிக், கே மெக்நல்டி, பெட்டி ஹோல்பெர்டன் உள்ளிட்ட ஆறு பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். உலகின் முதல் புரோகிராமர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். அவர்கள் பெயர் உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லையென்றால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1948 ஜூன் 21. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'பேபி' என்று அழைக்கப்பட்ட ஒரு சோதனைக் கணினி, தன் மின்னணு நினைவகத்திலேயே வைத்திருந்த நிரலை இயக்கியது. கேபிள் மாற்றவேண்டியதில்லை, ஏனென்றால் கட்டளைகளும் எண்களாகவே நினைவகத்தில் உட்கார்ந்துவிட்டன. இன்று நீங்கள் ஒரு ஆப் இறக்குகிறீர்களே, அது சாத்தியமானது இந்த ஒரு யோசனையால்தான். அந்த பேபியின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 32 பிட் கொண்ட சொற்கள் 32. பெருக்கினால் 1,024 பிட், அதாவது 128 பைட். நாம் இப்போது 15 பைட்டில் எழுதினோமே 'தமிழ்', அதை எட்டு முறை எழுதினால் ஏறக்குறைய நிறைந்துவிடும்.

படங்களுக்கு வருவோம். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். பெருக்கிப் பாருங்கள், 62,20,800 பைட், 6 எம்பிக்கு மேல். அதே படம் ஜேபெக்காக வந்தால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களை அது தூக்கி எறிந்துவிடுகிறது, எறிந்தது திரும்பி வராது. பிஎன்ஜி எதையும் எறியாமல் சுருக்குகிறது. எழுத்து உள்ள திரைப்பிடிப்பை ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஓரங்கள் மங்கலாவது இதனால்தான்.

இனி எக்செல். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த யூனிட் இது. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரப்போவதும் இதுதான்.

ஒரு கட்டத்தில் 16 இலக்க எண் ஒன்றைத் தட்டுகிறேன், கடைசி இலக்கம் 7. என்டர் தட்டிவிட்டு மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். கடைசி இலக்கம் 0 ஆகிவிட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், மீதி பூஜ்ஜியம். அட்டை எண், கணக்கு எண் போன்றவற்றை இப்படித் தட்டினால் தகவல் அந்த நொடியிலேயே போய்விடும், பிறகு ஃபார்மட்டை மாற்றினாலும் திரும்பாது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்களுக்கும் இதே ஆபத்து, முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகும். தீர்வு எளிது: தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். கூட்டவோ பெருக்கவோ போகாத எண்ணை எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கன்ட்ரோல் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறி தட்டுகிறேன். காலித் தாளின் கடைசி வரிசைக்குப் போய்விட்டது: 10,48,576. விசித்திரமான எண்ணாகத் தெரிகிறதா? 2இன் 20ஆம் அடுக்கு. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536தான், அது 2இன் 16ஆம் அடுக்கு. இந்த ஓர் எல்லை என்ன செய்தது என்பதற்கு ஒரு நிகழ்வு சொல்கிறேன். 2020 அக்டோபர் தொடக்கத்தில், இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது தெரியவந்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த தகவலைப் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளில் ஏற்றியிருக்கிறார்கள், வரிசைகள் நிறைந்ததும் மீதி விடுபட்டுவிட்டது. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் வேலை தாமதமானது. பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்த வாரத்தில் அந்தத் தாமதம் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். 2இன் 16ஆம் அடுக்கு எவ்வளவு என்பது வெறும் ஒரு மதிப்பெண் கேள்வி இல்லை. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இன்னொன்று. பிரௌசரில் எஃப்12 தட்டி கன்சோல் திறந்து 0.1 கூட்டல் 0.2 என்று கேளுங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினிக்குக் கணக்கு தெரியாதா என்று கேட்காதீர்கள். மூன்றில் ஒன்றை நாம் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, அதேபோல் பத்தில் ஒன்று இரும எண் முறையில் முடியாமல் போகிறது. இடம் 64 பிட்தான், எங்கேயோ வெட்டவேண்டும். பணக் கணக்கு எழுதும் நிரல்களில் தொகையை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ அதற்கென்று உள்ள டெசிமல் வகையிலோ வைக்கச் சொல்வது இதனால்தான்.

நெட்வொர்க் யூனிட்டைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். இணையத்தில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதன் நான்காம் பதிப்பு 32 பிட், அதனால் மொத்தம் 429 கோடிக்குச் சற்று அதிகமான முகவரிகள். உலகின் மக்கள்தொகைக்கே போதாது. மையத் தொகுப்பிலிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆறாம் பதிப்பு 128 பிட். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் தட்டினால் 192.168 என்று தொடங்கும் முகவரி வர வாய்ப்பு அதிகம். அது உங்கள் ரூட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, வெளியே பல கருவிகள் சேர்ந்து ஒரே முகவரியைப் பயன்படுத்துகின்றன. அப்புறம், இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும்.

கடைசியாகப் பாதுகாப்பு. பாஸ்வேர்டில் ஒரு சிறப்புக்குறி போடு, ஒரு எண் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீளத்தின் கணக்கை யாரும் காட்டுவதில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டும் 8 என்றால் 26இன் 8ஆம் அடுக்கு, ஏறத்தாழ 20,900 கோடி வாய்ப்புகள். பெரிதாகத் தெரியும், ஆனால் திருடிய பாஸ்வேர்டுக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊகிக்கும் இயந்திரங்களுக்கு அது சின்ன வேலை. இன்னும் 4 எழுத்து சேர்த்தால் வாய்ப்புகள் 4,56,976 மடங்காகப் பெருகும். எழுத்துகள் தற்செயலாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்தால் இந்தக் கணக்கு செல்லாது, ஊகிப்பவர்கள் முதலில் அவற்றைத்தான் முயல்வார்கள். ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் போடாதீர்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பை முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள். மின்னஞ்சல் கையை விட்டுப் போனால் மற்ற எல்லாக் கணக்கையும் அதன் வழியாகவே மீட்டமைத்துக்கொள்வார்கள்.

டேட்டாபேஸ் யூனிட்டை இன்று தொடவில்லை, அதற்கு ஒரு முழு வீடியோ வேண்டும். அடுத்த முறை இதே எக்செல் தாளை இரண்டு அட்டவணைகளாகப் பிரித்து, பிரைமரி கீ எதற்கு என்று செய்து காட்டுகிறேன். உங்கள் லேபில் எக்செல் இல்லாமல் லிப்ரே ஆபிஸ் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், அதிலேயே செய்து காட்டுகிறேன்.