கனடாவுக்கு ஏன் இன்னும் ஓர் அரசர்?

(திரையில்: குடியுரிமை விழா நடக்கும் மண்டபம். வலது கையை உயர்த்தியபடி நிற்பவர்கள்.)

வணக்கம். கனடாவுக்கு வந்து குடியேறிய நம்மில் பலர் இப்படி ஒரு மண்டபத்தில் நின்றிருக்கிறோம். அங்கே திருப்பிச் சொல்லும் சத்தியப் பிரமாணத்தின் முதல் பகுதி, கனடாவின் அரசர் மூன்றாம் சார்லஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று போகும். சொல்லும்போதே பலருக்கு ஒரு நெருடல். வாக்குப் போட்டு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிற நாட்டில், லண்டனில் இருக்கிற ஒருவருக்கு எதற்குச் சத்தியம்?

இதைக் கேட்டு ஒன்ராறியோவில் மூன்று பேர் வழக்கே போட்டார்கள். 2014இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சத்தியம் அந்தத் தனி மனிதருக்கு அல்ல, கனடாவின் ஆட்சி முறைக்கு. சரி, அந்த ஆட்சி முறையில் அரசர் என்னதான் செய்கிறார்? இன்றைக்கு அதைப் பார்ப்போம்.

1867இல் எழுதிய அரசியலமைப்பைத் திறந்தால் ஆச்சரியமாக இருக்கும். நாட்டின் நிர்வாக அதிகாரம் முழுவதும் முடியிடம், அதாவது அரசர் என்ற பதவியிடம், இருப்பதாக எழுதியிருக்கிறது. நடைமுறை வேறு. அரசருக்குப் பதிலாக ஒட்டாவாவில் ஆளுநர் நாயகம் இருக்கிறார். 10 மாகாணங்களிலும் ஒவ்வொரு துணைநிலை ஆளுநர். அவர்களைத் தேர்ந்து சொல்வது பிரதமர். அமைச்சரவை சொல்வதன்படி அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஏறக்குறைய எல்லா நாளும் அவ்வளவுதான் வேலை.

அந்த வழக்கம் உடைந்த ஒரு நாள்தான் நமக்கு முக்கியம்.

(திரையில்: விக்டோரியா நகரம், துணைநிலை ஆளுநர் மாளிகை.)

2017 மே 9. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணத் தேர்தல். மொத்தம் 87 இடங்கள். ஆட்சியில் இருந்த லிபரல் கட்சிக்கு 43. என்டிபிக்கு, அதாவது புதிய ஜனநாயகக் கட்சிக்கு, 41. பசுமைக் கட்சிக்கு 3. பெரும்பான்மைக்கு 44 வேண்டும். முதல்வர் கிறிஸ்டி கிளார்க்குக்கு ஒரே ஓர் இடம் குறைந்தது. என்டிபியும் பசுமைக் கட்சியும் கை கோத்தால் சரியாக 44. கோத்துவிட்டார்கள்.

ஜூன் 29ஆம் தேதி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 44க்கு 42 என்று அரசு தோற்றது. கிளார்க் நேராக ஆளுநர் மாளிகைக்குப் போனார். சட்டமன்றத்தைக் கலைத்து இன்னொரு தேர்தல் வையுங்கள் என்று கேட்டார். அங்கே இருந்தவர் ஜூடித் கிஷோன், மாட்டுப் பண்ணை நடத்தியவர். தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெரும்பான்மையோடு இன்னொருவர் தயாராக நிற்கிறார். கிஷோன் மறுத்துவிட்டார். அன்றிரவே என்டிபி தலைவர் ஜான் ஹோர்கனை அழைத்து ஆட்சி அமைக்கச் சொன்னார். அந்த ஆட்சி மூன்று வருடத்துக்கு மேல் நின்றது.

நன்றாகக் கவனியுங்கள். கலைக்கிற அதிகாரம் முதல்வர் கையிலேயே இருந்திருந்தால், தோற்றவரே மறுபடி மறுபடி தேர்தல் வைக்கலாம். அந்தச் சாவியை அரசியல்வாதிக்கு வெளியே ஓர் இடத்தில் வைத்திருப்பதுதான் முடியின் வேலை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

எப்போதும் இப்படி நன்றாக முடிவதில்லை. 1926இல் ஆளுநர் நாயகம் பிங் பிரபு பிரதமர் மக்கென்சி கிங்குக்கு இதே போல மறுத்தார். பதிலுக்கு வந்த ஆர்தர் மியன் சில நாட்களிலேயே கவிழ்ந்தார். தேர்தலில் கிங் ஜெயித்துத் திரும்பி வந்தார். அப்புறம் 2008 டிசம்பர். எதிர்க்கட்சிகள் சேர்ந்து கவிழ்க்கப் போகிற நேரத்தில், நாடாளுமன்றத்தை ஒத்திவையுங்கள் என்று கேட்கப் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் அப்போதைய ஆளுநர் நாயகம் மிஷேல் ஜானிடம் போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அனுமதி கிடைத்தது, அரசு தப்பியது. ஏன் அனுமதித்தார் என்று அன்றைக்கு மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய முடிவுக்குக் காரணம் சொல்லாமல் விட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

2025 மே 27ஆம் தேதி சார்லஸ் நேரில் வந்து, நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்கும் சிம்மாசன உரையை வாசித்தார். அமெரிக்க அதிபர் கனடாவை 51ஆவது மாநிலம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 1977இல் அவருடைய அம்மா வாசித்த பிறகு அரசர் ஒருவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

(திரையில்: ஒரு மேசை, ஐந்து டாலர் நோட்டுகள், சிவப்புச் சீருடையில் ஒரு காவல் அதிகாரி.)

இந்தப் படத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பூர்வகுடி மக்கள் வரிசையில் வந்து ஆளுக்கு 5 டாலர் வாங்கிக்கொள்கிறார்கள். 1871 முதல் 1921 வரை நிலம் தொடர்பாக முடியோடு போட்ட 11 எண்ணிட்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின்படி ஆண்டுதோறும் கொடுக்கிற பணம். 1870களில் அது ஒரு தொகை. இன்றைக்கு ஒரு காப்பிக்குக் காணும். அதற்கப்புறம் தொகையை ஏற்றவே இல்லை.

ஹியூரன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரையில் 1850இல் போட்ட ராபின்சன் ஒப்பந்தங்களில், நிலம் செல்வம் தந்தால் தொகை உயரும் என்றே எழுதியிருந்தது. சுரங்கமும் மரமும் கொட்டிக் கொடுத்தன. தொகையோ 1875இல் 4 டாலருக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. 2024இல் உச்ச நீதிமன்றம், முடி கண்ணியமில்லாமல் நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வருடமே ஹியூரன் பக்க மக்களுக்கு 10 பில்லியன் டாலர் தர அரசாங்கங்கள் உடன்பட்டிருந்தன.

கட்சிகள் மாறும், பிரதமர்கள் போவார்கள். ஆனால் வாக்குக் கொடுத்தது முடி. அதனால் 'அது வேறு அரசாங்கம் போட்டது' என்று யாரும் கைகழுவ முடியாது. 2023இல் முடிக்கும் பூர்வகுடி மக்களுக்கும் உள்ள இந்த உறவைக் கவனிக்கும் துறைக்கு அமைச்சராக வந்தவர் இலங்கையில் பிறந்த ஹரி ஆனந்தசங்கரி.

முடியை எடுத்துவிட்டால் என்ன? கியூபெக் மாகாணம் 2022இலேயே தன் சட்டமன்ற உறுப்பினர்கள் அரசருக்குச் சத்தியம் செய்யத் தேவையில்லை என்று சட்டம் போட்டது. நாடு முழுக்க நீக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் 10 மாகாணச் சட்டமன்றங்களும் ஒன்றுபோலச் சம்மதிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த ஒப்பந்தங்களில் மறுபக்கம் யார் நிற்பார் என்று பூர்வகுடி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

(திரையில்: மீண்டும் குடியுரிமை மண்டபம்.)

அந்தச் சத்தியத்தின் இரண்டாம் பகுதியில் 2021இல் ஒரு வரி சேர்த்தார்கள். முதல் நாட்டினர், இனுயிட், மேட்டி என்ற பூர்வகுடி மக்களின் ஒப்பந்த உரிமைகளை ஏற்று உறுதிசெய்கிற அரசியலமைப்பை மதித்து நடப்பேன் என்று. புதிதாகக் குடியுரிமை பெறும் ஒவ்வொருவரும் இப்போது அரசரின் பெயரையும் அந்த மக்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.