உருபு மாறினால் உலகம் மாறும்: உச்சி மாநாட்டு அறிக்கை உருவாகும் விதம்

நேயர்களுக்கு வணக்கம்.

உச்சி மாநாடு என்றதும் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படம்தான் கண்முன் வரும். அந்தப் படம் எடுக்கும் நேரத்தில் கூட்டறிக்கையின் பெரும்பகுதி எழுதி முடிந்திருக்கும். அதை எப்படி எழுதுகிறார்கள், எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை 2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் புதுதில்லி பாரத மண்டபத்தில், உலகின் பெரிய பொருளாதாரங்கள் கூடும் ஜி20 அமைப்பு நடத்திய மாநாட்டை வைத்துச் சொல்கிறேன்.

ஜி20 அமைப்புக்கு நிரந்தரச் செயலகம் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஓர் உறுப்பினர் மறுத்தாலும் அந்த வரி நிற்காது. தலைவர்கள் சார்பில் பேசும் அதிகாரிகளுக்கு 'ஷெர்ப்பா' என்று பெயர். இமயத்தில் மலையேறுபவர்களுக்கு வழிகாட்டும் மக்களின் பெயர் அது. அந்த ஆண்டு இந்தியாவின் ஷெர்ப்பா அமிதாப் காந்த். உதய்ப்பூர், குமரகம், ஹம்பி என்று மாதக்கணக்கில் கூடிப் பேசியவர்கள், கடைசி நாட்களில் ஹரியானாவில் உட்கார்ந்தார்கள்.

முதல் வரைவை, அந்த ஆண்டு தலைமை ஏற்கும் நாடு எழுதி அனுப்பும். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒவ்வாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடும். தான் விரும்பும் சொல்லைப் பக்கத்திலேயே இன்னோர் அடைப்புக்குள் எழுதும். இந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் பேச்சுவார்த்தை. எளிய பத்திகளை முதலில் முடிப்பார்கள். முடிச்சு விழுந்தவற்றை, அந்த விஷயத்தில் முரண்படும் நாடுகள் மட்டும் இருக்கும் சிறு குழுவிடம் விடுவார்கள். இங்கே ஓர் ஆபத்து உண்டு: எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகாது. கடன் பற்றிய பத்தியில் மனக்குறை இல்லாத நாடுகூட, வேறொரு பத்தியில் தனக்கு வேண்டியதைப் பெற இதைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியும்.

தில்லியில் சிக்கிய இடம் உக்ரைன். 2022 நவம்பரில் பாலி மாநாட்டு அறிக்கை, பெரும்பாலான உறுப்பினர்கள் போரை வன்மையாகக் கண்டித்ததாகச் சொன்னது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நிதியமைச்சர்கள் கூடியபோது, போர் பற்றிப் பாலியிலிருந்து எடுத்த இரண்டு பத்திகளை ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை. எல்லோரும் ஏற்ற கூட்டறிக்கைக்குப் பதில், கூட்டத்துக்குத் தலைமை வகித்த இந்தியாவின் பெயரில் தொகுப்புரையும் முடிவு ஆவணமுமே வெளிவந்தன. ஜூலையில் சென்னையில் நடந்த சுற்றுச்சூழல் அமைச்சர்கள் கூட்டமும் அப்படித்தான் முடிந்தது.

முடிச்சு எப்படி அவிழ்ந்தது? பள்ளியில் வேற்றுமை உருபு படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'உக்ரைன்மீது' என்றால் தொடுத்தவர் யார் என்ற கேள்வி எழும். 'உக்ரைனில்' என்றால் இடம் மட்டும் நிற்கும். தில்லி அறிக்கை 'உக்ரைனில் போர்' என்றே பேசியது. கண்டனம் போயிற்று. ஈடாக, நிலத்தைக் கைப்பற்ற எந்த நாடும் படைபலத்தைப் பயன்படுத்தக்கூடாது, அணு ஆயுத மிரட்டல் ஏற்கத்தக்கதல்ல என்ற வரிகள் நின்றன. இந்தோனேசியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் இந்தியாவோடு சேர்ந்து இழுத்தன. 83 பத்திகளும் எந்த நாட்டின் மறுப்புக் குறிப்பும் இன்றி முதல் நாளே ஏற்கப்பட்டன.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றது உக்ரைன் வெளியுறவு அமைச்சகம். அந்த வேதனை நியாயமானது. ஆனாலும் அறிக்கையே இல்லாமல் போயிருந்தால் ஏழை நாடுகளின் கடனும், வளர்ச்சி வங்கிகளின் சீர்திருத்தமும் கூடவே மூழ்கியிருக்கும். அந்த விலையைக் கொடுத்தது சரி என்பதே என் கருத்து.

வினைச்சொல்லிலும் இதே கவனம் வேண்டும். 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் இறுதி வரைவில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய வரியில் அறிவுறுத்தும் சொல் இருக்கவேண்டிய இடத்தில் கட்டாயப்படுத்தும் சொல் ஏறிவிட்டது. அப்படியே விட்டால் தன் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் என்று அமெரிக்கா அஞ்சியது. எழுத்துப் பிழையாகக் கருதி மேடையிலேயே திருத்தம் படித்து முடித்தார்கள்.

ஆகவே அறிக்கையைப் படிக்கும்போது 'உறுதியளிக்கிறோம்', 'வரவேற்கிறோம்', 'கவனத்தில் கொள்கிறோம்' ஆகியவற்றைப் பிரித்துப் பாருங்கள். முதலாவதைக் காட்டி நாளை கேள்வி கேட்கலாம். மூன்றாவது, படித்தோம் என்பதற்கு மேல் எதுவுமில்லை. 2030க்குள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திறனை உலக அளவில் மும்மடங்காக்கும் முயற்சிகளை 'மேற்கொள்வோம், ஊக்குவிப்போம்' என்றது தில்லி. தளர்வான வினைதான். இருந்தும் அந்த மும்மடங்கு, அதே டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டின் முடிவிலும் இடம்பெற்றது.

நன்றி, வணக்கம்.