சீமெந்துப் பையில் தொடங்கும் கணக்கு

(யாழ்ப்பாணத்தில் கட்டட ஒப்பந்தகாரர்களும் பொறியியலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஒப்பந்தகாரர்களே, பொறியியலாளர்களே, தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே, வேலை முடிந்த கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மேசன்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒரு கட்டட நிறுவனம் தன்னுடைய காபன் சுவட்டை, அதாவது தன் தொழிலால் காற்றில் சேரும் காபனீரொட்சைட்டின் அளவை, எவ்வாறு குறைத்துக்கொள்ளலாம் என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை எந்த நிறுவனத்தில் எழுப்பினாலும், அலுவலகக் கூரையில் சூரியத் தகடு பூட்டுவோம், மின்குமிழ்களை மாற்றுவோம், வளவைச் சுற்றி மரம் நடுவோம் என்ற விடைகளே முதலில் வருகின்றன. அவை செய்யத்தக்கவைதாம், செய்யுங்கள். ஆனால் நமது தொழிலின் பெயரால் காற்றில் சேரும் காபனீரொட்சைட்டின் பெரும்பங்கு நமது அலுவலகத்திலிருந்து போவதில்லை. நாம் வாங்கி இறக்கும் சீமெந்திலும் கம்பியிலும், அவை நமது களஞ்சியத்துக்கு வந்து சேருமுன்பே அது அடங்கிவிடுகிறது. ஆகவே எனக்குத் தந்த நேரத்தில் பெரும்பகுதியைச் சீமெந்துக்கே கொடுக்கப்போகிறேன்.

சீமெந்து பிறக்கும் கதை இந்த ஊருக்குப் புதியதல்ல. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990இல் போர் அதை நிறுத்தும் வரை, நமது காலடியில் கிடக்கும் சுண்ணக்கல்லைத் தோண்டித்தான் சூளையில் இட்டது. அந்தக் கல், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. அதைச் சுடும்போது 100 கிலோ தூய சுண்ணக்கல்லில் 56 கிலோ சுண்ணாம்பாக எஞ்ச, மீதி 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் போய்விடுகிறது. இதற்கு மேல், சூளையின் உட்பகுதியை 1450 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுவதற்கு எரிக்கும் எரிபொருளின் புகை வேறு. சீமெந்தின் காபனில் ஏறத்தாழ 60 வீதம் கல்லிலிருந்தும் 40 வீதம் எரிபொருளிலிருந்தும் வருவதால், சூளைக்கு எவ்வளவு சுத்தமான எரிபொருளைப் போட்டாலும் கல்லுக்குள் இருப்பது வெளியேறியே தீரும். உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 8 வீதம் இந்த ஒரு பொருளால் வருவதற்குக் காரணம் இதுதான். நம் கைக்கு வரும் 50 கிலோ சாதாரண போட்லண்ட் சீமெந்துப் பை ஒவ்வொன்றின் பின்னாலும் ஏறத்தாழ 40 முதல் 45 கிலோ காபனீரொட்சைட்டு நிற்கிறது.

இதை ஒரு வீட்டின் அளவில் பார்ப்போம். 1000 சதுர அடி வீட்டுக்குக் கூரையாக 5 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்றுத் தட்டு இடுவதாக வைத்துக்கொண்டால், 12 கன மீற்றர் வரை கொங்கிறீற்று வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு சல்லி என்று நாம் வழமையாகப் போடும் கலவையில் கன மீற்றருக்கு 8 பை முடிகிறது. மொத்தம் 95 பை. அதன் காபனீரொட்சைட்டு 4 தொன். அந்த அளவு வாயு வெளிவர வேண்டுமானால் 1500 லீற்றர் டீசலை எரிக்க வேண்டும். கம்பியின் கணக்கை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அந்தத் தட்டு தேவைதானா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதே காபனைக் குறைக்கும் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். வலிகாமத்தின் எந்த ஒழுங்கையால் போனாலும், தட்டுக்கு மேலே தூண் தலைகளிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளைக் காணலாம். பின்னாளில் பிள்ளைகளுக்கு மேல்மாடி எழுப்பலாம் என்ற ஆசையில் விட்ட கம்பிகள் அவை. உப்புக் காற்றில் அவை செதிள் செதிளாகத் துருப்பிடித்து, மழைநீரோடு வழிந்து, வெள்ளைச் சுவரில் செந்நிறக் கோடு இழுத்திருக்கும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் குடியேறிவிட, மேல்மாடிக்கென்று அகலமாகப் போட்ட அத்திவாரமும் தடித்த தூண்களும் ஒருமாடி வீட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பெற்றோரின் ஆசையை நான் குறை சொல்லவில்லை, அதை மதிக்கிறேன். ஆனால் வரைபடம் கீறும் மேசையில், மாடி எப்போது, யாருக்காக என்று நாம் பொறுமையாகக் கேட்டு, தேவையில்லாத இடத்தில் கூரை மரங்களான வளையும் சிலாகையும் போட்டு ஓடு வேய்வதை எடுத்துச் சொன்னால், அந்த வீட்டின் காபன் மட்டுமல்ல, சித்திரை வெயிலில் அதற்குள் இருக்கும் வெக்கையும் குறையும்.

அடுத்தது கலவை. வடமராட்சியில் ஒரு மாடிக் கட்டட வேலையில், ஒரே நாளில் இட்ட கொங்கிறீற்றிலிருந்து எடுத்த சோதனைக் கட்டிகளை 28ஆம் நாளில் உடைத்துப் பார்த்தோம். சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் பலம் வேண்டிய இடத்தில் ஒரு கட்டி 24ஐயும் இன்னொரு கட்டி 41ஐயும் காட்டின. காரணத்தைத் தேடியபோது விடை கலவை இயந்திரத்தின் அருகிலேயே கிடந்தது. மணலும் சல்லியும் தாச்சிக் கணக்கில் போயின. ஒருவர் குவித்து அள்ளினார், மற்றவர் தட்டி அள்ளினார். கலவை இறுக்கமாகத் தெரிந்தால் குழாயால் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் கூடிவிட்டதென்று பயந்தால் சீமெந்தை அள்ளிப் போட்டார்கள். மேசன் கவலையோடுதான் அதைச் செய்தார். கட்டடம் விழக்கூடாதே என்ற அக்கறை அது. ஆனால் அளவில் சிதறல் இருக்கும் வரையில், மிகப் பலவீனமான வாளியையும் காப்பாற்றுவதற்காக எல்லா வாளிக்கும் கூடுதல் சீமெந்து போட வேண்டியிருக்கிறது. அளவுப் பெட்டியோ தராசோ வைத்து, தண்ணீரை அளந்து ஊற்றி, நமது மணலுக்கும் சல்லிக்கும் ஏற்பக் கலவையை ஆய்வுகூடத்தில் வடிவமைத்து, தண்ணீரின் தேவையைக் குறைக்கும் அட்மிக்சர் என்ற இரசாயனத்தையும் சேர்த்தால், அதே பலத்தைக் கன மீற்றருக்கு ஒரு பையாவது குறைவாகப் பெறலாம். பணச் செலவும் அதோடு குறைகிறது. நிறுவன உரிமையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

களஞ்சியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் மேற்பார்வையில் நடந்த வேலை ஒன்றில், ஐப்பசி மழைக்கு முன் இறக்கிய சீமெந்தைப் பலகை அடுக்காமல் நேரே நிலத்தில் வைத்துவிட்டோம். கார்த்திகை முடியக் கீழ் அடுக்கில் இருந்த 14 பைகளும் கல்லாகிவிட்டன. கடதாசியை உரித்தபோது பையின் மடிப்புகள்கூட அந்தக் கல்லில் பதிந்திருந்தன. யாருக்கும் நிழல் கொடுக்காமல், யார் வீட்டையும் தாங்காமல், 600 கிலோ காபனீரொட்சைட்டு காற்றில் சேர்ந்ததற்கு அன்று நானே பொறுப்பு.

இனிச் சீமெந்தின் வகை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்து அரைத்த கலப்புச் சீமெந்து நமது கடைகளில் கிடைக்கிறது. அதற்கு இலங்கைத் தரநிலையும் இருக்கிறது. சுட்ட கல்லின் ஐந்தில் ஒரு பங்கைச் சாம்பல் நிரப்பினால் காபனும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. அப்படியிருந்தும் மேசன்மார் பலர் இதை விரும்புவதில்லை, ஏனெனில் இது தாமதமாக இறுகுகிறது. அவர்கள் சொல்வது உண்மைதான். கொங்கிறீற்றைத் தாங்கும் பலகைப் பெட்டியையும் முட்டுக்கால்களையும் இரண்டொரு நாள் பிந்திக் கழற்ற வேண்டும். ஏழு நாளோடு தண்ணீர் விடுவதை நிறுத்தாமல், ஈரச் சாக்குப் போட்டுப் பத்து முதல் பதினான்கு நாள் வரை நனைக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பலன், நன்றாக நனைத்து எடுத்த இந்தக் கொங்கிறீற்றுக்குள் உப்பு எளிதில் புகாது என்பதுதான். கடலிலிருந்து வெகு தூரத்தில் எந்த ஊரும் இல்லாத நமது குடாநாட்டுக்கு இது சிறிய நன்மையல்ல. உப்பால் கம்பி துருப்பிடித்து, கொங்கிறீற்று வெடித்து, இருபத்தைந்து ஆண்டில் இடிக்க வேண்டிய கட்டடம் அறுபது ஆண்டு நின்றால், அதே இடத்தில் இரண்டாவது முறை சீமெந்து இறக்கும் தேவை நீங்குகிறது. ஆனால் பூச்சுக்கும் அத்திவாரத்துக்கும்கூடச் சாதாரண போட்லண்ட் சீமெந்து மட்டுமே என்று எழுதிய ஒப்பந்த ஆவணங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த வரியைத் திருத்தும் பேனா இந்த அவையில் இருக்கும் பொறியியலாளர்களிடமே இருக்கிறது.

சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணக்கல்லையும் சேர்த்துச் செய்யும் புதிய சீமெந்து ஒன்றைச் சுவிற்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். காபனை அது 40 வீதம் வரை குறைக்கும். இதைக் கேட்டவுடன், நம்மிடம் கல் இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றும். நமது நிலத்தடி நீர் தங்கியிருப்பதும் அதே கல்லில்தான். சீமெந்துக்காகக் கல் தோண்டிய கீரிமலைப் பக்கத்துப் பழைய குழிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தபின் புதிய குழி தோண்டுவதைப் பற்றிப் பேசுவோம். இதே காரணத்தால்தான், மண் கற்களால் வீடு கட்டுவது நல்ல முறையென்று அறிந்தும், வலிகாமத்துச் செம்மண்ணை அதற்காக வெட்ட வேண்டாம் என்கிறேன். வெங்காயமும் புகையிலையும் விளையும் மண் சுவருக்குப் போகக் கூடாது.

போக்குவரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குடாநாட்டில் கருங்கல் இல்லை. சல்லி வன்னியிலிருந்து வருகிறது. மாங்குளம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். டிப்பர் லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடுகிறதென்று கொண்டால், போய்வர 60 லீற்றர் டீசல். அதாவது 160 கிலோ காபனீரொட்சைட்டு. நான்கு பை சீமெந்துக்குச் சமம். வெறும் வண்டியாக ஓடும் பாதியைக் குறைப்பதற்கு, இரண்டு நிறுவனங்கள் கூடி ஏற்றுவது போன்ற வழிகள் இருக்கின்றன. கம்பியில், தாதிலிருந்து உருக்கிய உருக்கைவிடப் பழைய இரும்பை மின்னுலையில் உருக்கியதன் காபன் மிகக் குறைவு என்பதால், விற்பனையாளரிடம் அதன் மூலத்தைக் கேளுங்கள். வெட்டுமுன் பட்டியல் போட்டால் துண்டுகள் வீணாகாது.

இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் விடுவது இவை எல்லாவற்றையும்விட மேலானது. நமது பழைய நாற்சார் வீடுகளின் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதால், சுவரைப் பிரித்தாலும் கல் முழுதாக வரும். சீமெந்துச் சாந்தில் கட்டிய கல் உடைந்துதான் வரும். வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறியவர்களின் வளவுகளில், கூரை போயும் அத்திவாரம் உறுதியாக இருந்த வீடுகளைக்கூட மண்வாரி இயந்திரம் வைத்து வழித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் செலவழித்து அத்திவாரத்தைச் சோதித்திருந்தால் சில வீடுகளுக்குப் புதிய அத்திவாரமே தேவைப்பட்டிராது. உடைந்த சுவரையும் நொறுக்கி, நிலத்துக்கு நிரப்பாகப் போடலாம்.

கணக்கை எங்கே தொடங்குவது என்று பலர் கேட்கிறீர்கள். உலக நடைமுறையில் நாம் நேரடியாக எரிப்பது, வாங்கும் மின்சாரம், வாங்கும் பொருட்களும் மற்றவையும் என மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். சிறிய நிறுவனம் ஒன்று அதற்கென்று ஆலோசகரை அமர்த்த வேண்டியதில்லை. களஞ்சியப் பொறுப்பாளரின் கொப்பியில் திகதி, வரவு, செலவு, மீதி என்று நான்கு நிரல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்தாவதாக ஒரு கோடு கீறி, சீமெந்துப் பைக்கு 42 கிலோ, டீசல் லீற்றருக்கு 2.7 கிலோ என்று பெருக்கி எழுதச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு வேலையில் அப்படி எழுதத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், பூச்சு வேலைக்குக் கணக்கிட்டதைவிடச் சீமெந்து கூடுதலாகப் போவதை முதலில் கண்டுபிடித்தவர் அந்தக் களஞ்சியப் பொறுப்பாளர்தான். போய்ப் பார்த்தோம், கல் வரிசை நேராக எழும்பாததால், சுவரின் ஒரு பக்கம் அரை அங்குலத்துக்குப் பதிலாக ஒன்றேகால் அங்குலத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் தூக்குக்குண்டும் நூலும் பிடித்து அடுத்த சுவரைத் தொடங்கினோம்.