பிறப்பே என்று பேச வந்தேன்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் டீச்சர், தம்பி, நம்முடைய படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் அம்மாமார்களே, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர்வதற்குப் பெரிதும் காரணம் பிறப்பா, வளர்ப்பா? இதுதான் தலைப்பு. நான் பிறப்பின் பக்கம்.

டீச்சர் சொன்னார்: பெண் பிள்ளையிடம் சிரட்டையும் மண்ணும் கொடுத்துச் சோறு பொங்கச் சொல்கிறோம், பையனைப் பந்தோடு வெளியே அனுப்புகிறோம், அப்படித்தான் அவள் பெண்ணாகிறாள், இவன் ஆணாகிறான் என்று. சிரட்டை கொடுக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அது வேலையைத்தான் பழக்குகிறது. நம்மூர்க் கல்யாண வீடுகளில் அண்டா நிறைய அவியல் கிண்டுவது யார்? ஆண்கள். அதனால் அவர்களில் ஒருவர் தன்னைப் பெண்ணாக நினைத்ததுண்டா? என்ன வேலை செய்கிறேன் என்பது வேறு, நான் யார் என்பது வேறு.

தம்பி ரப்பர் மரத்தைச் சொன்னார். ஒட்டுக் கட்டி மரத்தின் குணத்தையே மாற்றுகிறோமே, மனிதரை மாற்ற முடியாதா என்று கேட்டார். தம்பி, ஒட்டும்போது நல்ல மரத்தின் கண்ணை எடுத்து விதைக் கன்றில் வைக்கிறோம். கண் பிடித்ததும் மேலே இருக்கிற பழைய தண்டை வெட்டிவிடுகிறோம். அப்புறம் வளர்ந்து மரமாகி நிற்பது அந்தக் கண். ஊட்டுகிற வேர் வேறு, உரம் வேறு. ஆனாலும் அந்தக் கண் எந்த இனமோ, வருகிற மரமும் அந்த இனம்தான்.

சரி, மரத்தை விடுவோம். வளர்ப்பால் எல்லாம் முடியும் என்று நம்பி ஒரு குழந்தையிடமே அதைச் செய்து பார்த்தார்கள். கனடாவில் வின்னிபெக் நகரில் 1965-இல் ஒரே உருவமுள்ள இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டு மாதத்தில் சுன்னத்து செய்யும்போது மின்கருவி பட்டு ஒரு குழந்தையின் ஆணுறுப்பு கருகிப் போனது. தவித்த பெற்றோர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் ஜான் மணியிடம் போனார்கள். பெண்ணாக வளருங்கள், பெண்ணாகவே ஆகிவிடுவாள் என்றார் அவர். இரண்டு வயது நிறைவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. பிரெண்டா என்று பெயர் மாற்றினார்கள், பாவாடை உடுத்தினார்கள், பன்னிரண்டு வயதையொட்டிப் பெண் ஹார்மோனும் கொடுத்தார்கள். வெற்றி என்று உலகத்துக்குச் சொல்லவும் செய்தார் மணி.

அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அம்மா சொன்னார், அப்பா சொன்னார், பள்ளி சொன்னது, கண்ணாடி சொன்னது, நீ பெண் என்று. இதைவிட முழுமையான வளர்ப்பு எங்கே கிடைக்கும், டீச்சர்? ஆனாலும் அது பாவாடையைக் கிழித்தது, தம்பியின் விளையாட்டுச் சாமானைக் கேட்டு அழுதது. பதினான்கு வயதில் அப்பா உண்மையைச் சொன்னதும் டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கினார். நடந்தது என்ன என்பதை மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல்தான் எழுதி வெளியிட்டார்கள். 2004-இல், 38 வயதில், டேவிட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கு வேறு துயரங்களும் இருந்தன. ஆனால் முதல் துயரம் இது.

ஒரே ஒரு பிள்ளையை வைத்துப் பேசாதே என்பீர்கள். அதே 2004-இல் வெளியான இன்னோர் ஆய்வு இருக்கிறது. அடிவயிறு சரியாக உருவாகாமல் பிறந்து, மரபணுப்படி ஆண்களாக இருந்தும் பெண்களாக வளர்க்கப்பட்ட 14 பேர். அவர்களில் 8 பேர் தாங்கள் ஆண் என்று அறிவித்தார்கள். 5 பேர் பெண்களாகவே வாழ்ந்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. வளர்ப்புக்குப் பங்கே இல்லை என்பதல்ல என் வாதம். வளர்ப்பு மட்டுமே போதும் என்றால் அந்த 8 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

பிறப்பு என்று நான் சொல்வது எக்ஸ், ஒய் என்ற இரண்டு எழுத்தை மட்டும் அல்ல. ஆணுக்குரிய எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும், ஆண் ஹார்மோனை உடல் ஏற்றுக்கொள்ளாததால் பெண் உருவத்தோடு பிறப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். கருவிலேயே ஹார்மோன் மூளையைத் தொட்டுவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம்.

இப்போது என் வீட்டுக் கதை. என் சித்தியின் மூன்றாவது பிள்ளை. பையன் என்று பெயர் வைத்து, பையன் என்றே வளர்த்தார்கள். விடியுமுன்னே சித்தப்பா ரப்பர் பால் வெட்டக் கூட்டிப் போவார். நடை சரியில்லை என்று அடித்தார். பள்ளியில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து முடியை வெட்டினார்கள். பெண்ணாக இரு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊரில் ஒருவர் உண்டா? பதினேழு வருட வளர்ப்பு முழுக்க ஆண் பக்கம்தான் இழுத்தது. இன்றைக்கு அவள் திருநங்கை, என் தங்கை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? “வளர்ப்பு சரியில்லை.” அந்த ஒரு சொல்லுக்காகச் சித்தி பல வருடம் எந்த விசேஷ வீட்டுக்கும் போகவில்லை. இந்தத் தலைப்பில் பேசக் கேட்டபோது உடனே சம்மதித்தது அதனால்தான்.

2019-இல் நம் மாவட்டத்துக்கும் உரிய மதுரைக் கிளையில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, ஒரு பாலாக மாற்றும் அறுவை சிகிச்சையைத் தடைசெய்யச் சொன்னது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அதைச் செய்யக் கூடாது என்று அதே ஆண்டு தமிழக அரசும் ஆணையிட்டது. வெட்டி, தைத்து, வளர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றால் அந்த ஆணைக்கு என்ன தேவை? அடுத்துப் பேச வரும் டீச்சர் இதற்குப் பதில் சொல்லட்டும். சித்தியும் தங்கையும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.